புருசெத்தில் நண்டை எடை போட்ட புதன்கிழமை

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்தக் கீரையில் எவ்வளவு இரும்புச்சத்து என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த எண்களில் பாதியை மறந்துவிட்டேன். மீதியை நீங்கள் புதிய ஆராய்ச்சி என்று சொல்லி மாற்றிவிட்டீர்கள். ஆகவே எண்களைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. ஒஸ்லோவில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இந்தச் சத்துணவுத் துறைக்கு வந்திருப்பதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எழுதுவதால் இடையில் நின்று சிரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் இருந்த காலத்தில், என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் நான் சொன்ன பதில் இது: ஆபிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளுக்குப் போதுமான சத்துள்ள சாப்பாடு கிடைக்கிறதா என்று ஒஸ்லோவில் இருந்து பார்க்கிறேன். உடனே அவர்கள், "அதை அங்கை இருந்தெல்லோ பாக்கவேணும்?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கேள்வி நியாயமானது. அதை நான் எப்படி ஒப்புக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கதை.

என் மேலாளரின் பெயர் ட்ருல்ஸ். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், தங்கமான மனம். மதியச் சாப்பாட்டுக்கு மெழுகுத்தாளில் சுற்றிய பாண், அதன்மேல் பழுப்புச் சீஸ். இந்தப் பொட்டலத்தை நோர்வேக்காரர் மத்பாக்கே என்பார்கள், உங்களுக்குத் தெரியாததா, பள்ளிக்கூடத்தில் அதைத் தின்றுதானே வளர்ந்தீர்கள். நான் அவருடன் வேலை செய்த காலம் முழுவதும் அந்தத் தாளுக்குள் வேறு எதையும் கண்டதில்லை. ஒருமுறை அவருடைய பிறந்தநாளன்று, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். சீஸைக் கொஞ்சம் தடிப்பாக வெட்டியிருப்பதாக மகிழ்ச்சியோடு சொன்னார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்படிச் சாப்பிடுகிற மனிதருக்கு ஒரு நாளின் தட்டைப் பார்த்தால் எல்லா நாளின் தட்டையும் பார்த்த மாதிரித்தான். அவர் தட்டைப் பொறுத்தவரை அது முழு உண்மையும்கூட.

அந்த நாட்களில் மலாவியின் தெற்கில் ஒரு கிராமத்தில் எங்கள் நிறுவனம் ஒரு கஞ்சிக் கூடம் நடத்தியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஒரு கோப்பை கஞ்சி: சோளமா, நிலக்கடலை மா, இடித்த கருவாட்டுப் பொடி, கொஞ்சம் கீரை. அதை நடத்தியவள் மெர்சி, அந்த ஊர்க்காரி. மெர்சியின் குரல் எப்படி என்றால், அவள் தொலைபேசியில் வந்தால் நான் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போய் நின்று கேட்பேன். அப்போதும் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார்.

கூடத்தைத் தொடர்வதா என்று தீர்மானிக்கும் முன்பு ஒரு வழக்கம் உண்டு. நகரத்திலிருந்து ஒரு குழு போய், வீடு வீடாக, ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளின் தட்டில் விழுவதை எல்லாம் தராசில் வைத்து எடை போடும். மிச்சத்தையும் எடை போட்டுக் கழிக்கும். கூடத்தில் வேலை செய்பவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முன்பே மரியாதையாகச் சொல்லி அனுப்புவோம்: இந்த நாளில் வருகிறோம், எதையும் மாற்ற வேண்டாம், வழமைபோல் சமையுங்கள்.

அந்தக் கிராமத்து முடிவுகள் வந்த அன்று ட்ருல்ஸ் மடிக்கணினியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"தேறிவிட்டது! கிராமமே தேறிவிட்டது! புரதம், இரும்பு, துத்தநாகம், எல்லாம் போதிய அளவுக்கு மேல்! கூடத்தை மூடிவிட்டு வேறு ஊருக்குக் கொண்டு போகலாம்" என்றார். அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய் நிர்வாகக் குழு கூடுகிறது, அங்கே அவர் பரிந்துரைப்பார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. கூடம் கேட்டுக் காத்திருந்த ஊர்கள் உண்மையாகவே இருந்தன.

நான் திரையைப் பார்த்தேன். முதல் வீடு, கோழி. அடுத்த வீடு, கோழி. அடுத்தது கோழி, முட்டை, கோழி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ட்ருல்ஸ், ஒரே நாளில் ஒரு ஊரின் கோழி முழுவதும் செத்திருக்கிறது. அங்கே என்ன, கோழிக்காய்ச்சலா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுமையாக விளக்கினார். ஒரு வீட்டில் அன்றைக்கு விருந்தாக இருக்கும், இன்னொரு வீட்டில் அன்றைக்கு ஒன்றும் இருக்காது, எல்லா வீட்டையும் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் சரியாகிவிடும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். எல்லா வீட்டுக்கும் அன்றைக்கு ஒரே விருந்தாளிகள் வந்திருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். "அது உன் ஊகம். எனக்கு ஊகம் வேண்டாம், ஆதாரம் வேண்டும்" என்றார்.

மெர்சியை அழைத்தேன். கோழி என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அங்கே சிரிப்பு வெடித்தது. நான் ஜன்னலோரம் போனேன்.

"பின்னே என்ன செய்வார்கள்? உங்கள் பிள்ளையின் தட்டைப் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பினீர்கள். எந்தத் தாய் அந்தத் தட்டில் வெறும் கீரையை வைப்பாள்? தொடை முழுவதும் பிள்ளைக்கு. அப்பாமாருக்குக் குழம்பு மட்டும்தான். என் கணவர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லித் திரிகிறார்!"

நானும் சிரித்தேன். பிறகு, இந்த எண்களை வைத்துக் கூடத்தை மூடப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். மெர்சியின் குரல் இறங்கிப் போனது. முதல் தடவையாக நான் கைபேசியைக் காதில் வைக்க வேண்டி வந்தது.

"மழை தொடங்கப் போகிறது. அறுவடை வரும் வரைக்கும் எங்கள் களஞ்சியங்களில் ஒன்றும் இருக்காது. இந்த மாதங்களில் கஞ்சி இல்லாவிட்டால் சின்னதுகள் தாங்காது. உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். நான் ஒரு மழைக்காலத்தில் அங்கே போயிருக்கிறேன். அவள் சொன்னதை ட்ருல்ஸிடம் சொன்னேன். "மெர்சி கூடத்தை நடத்துபவள். அவள் அப்படித்தானே சொல்வாள்" என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

இந்த இடத்தில் உங்களில் பலர் ஒரு நீண்ட மறுப்பு அறிக்கை எழுத உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஹவுகெட்டோவில் என் வீட்டுக்குப் போய், தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு ரெஜினாவை அழைத்தேன்.

ரெஜினா என் தம்பியின் மனைவி, எனக்கு மச்சாள். தம்பிக்கு ஸ்தவாங்கர்ப் பக்கக் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலை, பாதி மாதம் வீட்டில் இருக்க மாட்டான். ரெஜினா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டு, ஒஸ்லோவின் புருசெத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் மன்னார் ஆட்கள், கத்தோலிக்க வேதக்காரர். வீட்டுக்கு வருபவரை வெறும் வாயோடு அனுப்பினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம் என்று நம்புகிற பரம்பரை.

கிராமத்துக்கு அனுப்பிய அதே செய்தியை, ஒரு சொல்லையும் விடாமல், அவளுக்குச் சொன்னேன்.

"ரெஜினா, வாற புதன்கிழமை பின்னேரம் என்ரை மேலாளரோடை வாறன். பிள்ளையள் சாப்பிடுறதை நிறுத்துப் பாக்கப் போறம். நீ ஒண்டையும் மாத்தக்கூடாது. வழமையாச் சமைக்கிறதைச் சமை."

"ஓம் மச்சாள், வழமையாத்தான்."

"விசேஷமா ஒண்டும் வேண்டாம். விளங்குதோ?"

"ஐயோ மச்சாள், விளங்குது. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." தொலைபேசியை வைக்கப் போனவள் மறுபடி கேட்டாள். "உவர் நண்டு சாப்பிடுவாரோ?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு தொலைபேசியை வைத்தேன்.

ட்ருல்ஸிடம், புதிய தராசைக் களத்துக்கு அனுப்புமுன் ஒரு வீட்டில் பழகிப் பார்ப்போம் என்றேன். அவருக்கு அந்தத் தராசின்மேல் ஒரு காதல். சந்தோஷமாக வந்தார். புதன்கிழமை மின்தூக்கிக் கதவு திறந்ததும் அந்த மாடி முழுவதும் வறுத்த கறித்தூளின் வாசம். ரெஜினா வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தாள், சேலை கட்டியிருந்தாள். மேசையில் பிட்டு, இடியப்பம், நண்டுக் குழம்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, மீன் கட்லட், ரோல்ஸ். எதிர் வீட்டுத் திருச்சிக்காரி வேறு ஒரு பாத்திரத்தோடு வந்து, "சும்மா கொஞ்சம் சாம்பார்தாங்க, கெஸ்ட் வர்றாங்கன்னு அக்கா சொன்னாங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். ரெஜினா அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். விருந்திலே சாம்பாரா என்று அவள் முகம் கேட்டது.

நான் அடுக்களைக்குள் போய்க் காதோடு கேட்டேன். "கீரை ஒண்டும் இல்லையோ?"

"கீரை எதுக்கு மச்சாள், ஆக்கள் வரேக்கை?"

மெர்சி சொன்ன அதே பதில்! அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

ட்ருல்ஸ் மேசையில் தராசை வைத்துச் சமன் செய்தார். பிட்டை எடை போட்டார், சுலபம். இடியப்பம், பரவாயில்லை. பிறகு நண்டு வந்தது. நண்டை ஓட்டோடு எடை போட்டு, சாப்பிட்ட பிறகு ஓட்டை எடை போட்டுக் கழிக்க வேண்டும். ஆனால் ரெஜினாவின் மகள் ஷெரின் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, வெறும் ஓட்டைத் தம்பியின் தட்டில் போட்டாள். தம்பி அதை இன்னொரு தடவை உறிஞ்சிவிட்டு அக்காவின் தட்டில் போட்டான். "யாருடைய ஓடு இது?" என்று ட்ருல்ஸ் கையில் ஒரு நண்டுக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணாடியில் சொதி ஆவி.

போதாக்குறைக்கு அவர் எண்ணைப் படிக்கக் குனியும் ஒவ்வொரு தடவையும் ரெஜினா பின்னால் இருந்து கரண்டியை நீட்டித் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். தராசின் எண் ஏறும். அவர் நிமிர்வார், அவள் சிரிப்பாள். தட்டைத் தொட வேண்டாம் என்று அவர் பணிவாகக் கேட்டபோது, "ஒரு துண்டுதானே, பிள்ளை மெலிஞ்சு போனான்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பிள்ளை மெலியவில்லை. நான் ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தபடி நின்றேன், அழுகிற அளவுக்குச் சிரிப்பு.

ட்ருல்ஸ் நேர்மையான ஆய்வாளர். சந்தேகம் வந்ததும் பிள்ளையையே கேட்டார். "உங்கள் வீட்டில் புதன்கிழமைகளில் இப்படித்தான் சாப்பிடுவீர்களா?"

ஷெரினுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்து, "ஹெல்ட் வான்லி" என்றாள். முற்றிலும் சாதாரணம் என்று அர்த்தம். தம்பி வாய் நிறைய ரோல்ஸோடு தலையாட்டினான். வீட்டு மானத்தைக் காப்பாற்ற அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ரெஜினா பிறகு சத்தியம் செய்தாள். நான் நம்பினேன்.

பிறகு ட்ருல்ஸை உட்காரவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பாடு போட்டாள். அவர் முகம் சிவந்து, மூக்கால் நீர் வடிந்து, பால் குடித்து, மறுபடி நண்டு கேட்டார். போகும்போது மிச்சம் முழுவதையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தாள். இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் காதலித்த தராசு மேசையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "ஒஸ்லோத் தமிழ்ப் பிள்ளைகள் சாதாரண நாளில் சாப்பிடும் சாப்பாடு அபாரம். நாங்கள் அவர்களிடம் படிக்க வேண்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அது என்னுடைய இன்னொரு ஊகமாகத்தான் அவருக்குத் தெரியும். நிர்வாகக் குழு கூட இன்னும் நாள் இருந்தது. எப்படியாவது அவர் தன் கண்ணால் காண வேண்டும் என்று பொறுத்தேன். நான் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்க, அங்கே கூடம் மூடப்பட்டுவிட்டால்? வெள்ளி போனது, சனி போனது, ஞாயிறும் போனது, எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிகிற நேரம் ட்ருல்ஸ் கோட்டு மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். மறுநாள் களத்துக்குப் போகும் பெட்டியில் தராசு போக வேண்டும். கையில் கழுவித் துடைத்த ஐஸ்கிரீம் டப்பாக்கள். நான் ரெஜினாவை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. நோர்வேக்காரர் ஒருவர் கழுவிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டுவிட்டால் அவரைத் தடுக்கப் படை வேண்டும். என்னிடம் படை இல்லை, ஆகவே கூடவே போனேன்.

கதவைத் திறந்த ரெஜினா தலையில் எண்ணெய் வைத்து முடிந்திருந்தாள். பழைய வீட்டு உடுப்பு. வேலையால் வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவளுக்குப் பின்னால் சோபாவில் பிள்ளைகள் இருவரும் நடுவில் ஒரு சட்டியை வைத்து, இரண்டு முள்ளுக்கரண்டியால் அதற்குள்ளிருந்தே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே கெச்சப். வேறு ஒன்றும் இல்லை.

"ஐயோ மச்சாள்," என்றாள் ரெஜினா. "ஒரு சொல்லுச் சொல்லாமல்..."

அவளுடைய முகத்தை நான் மறக்கவில்லை. ட்ருல்ஸ் சட்டியைப் பார்த்தார். புதன்கிழமை நண்டு இருந்த மேசையைப் பார்த்தார், அதில் இப்போது சலவைத் துணி. கடைசியாக ஷெரினைப் பார்த்தார்.

ஷெரின் நூடுல்ஸை விழுங்கினாள். "இதுவும் ஹெல்ட் வான்லி" என்றாள்.

ட்ருல்ஸ் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் சிரித்தார்கள், நான் நிற்க முடியாமல் வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. உறைபெட்டியைத் திறந்து இறாலைத் தேடிக்கொண்டிருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவளைத் தடுத்து, தராசை வாங்கி, டப்பாக்களைக் கொடுத்தோம். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் மெழுகுத்தாளில் சுற்றிய பழுப்புச் சீஸ் துண்டு ஒன்று இருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்திருக்கிறார்.

திரும்பி வரும் ரயிலில் ட்ருல்ஸ் தராசை மடியில் வைத்துக்கொண்டு த்வெய்தா நிலையம் வரை வந்தார். பிறகு, "கோழி" என்றார்.

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

"நான் வடக்கில் வளர்ந்தவன். கைக்குழந்தைகளைப் பார்க்கத் தாதி வருவாள். அம்மா வெள்ளை மேசைவிரிப்பை விரித்து, ஏழு வகை பிஸ்கட் வைப்பாள். தாதி சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவாள். எங்களை ஒரு பிஸ்கட்டும் தொட விடவில்லை. அடுத்த வீட்டுக்கும் அவள்தானே போக வேண்டும், அதே பிஸ்கட்டை டப்பாவோடு அங்கே அனுப்புவோம்." அவர் இருட்டிய ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு இது தெரிந்திருந்தது. எப்படி மறந்தேன்?"

எனக்கு அந்த நேரத்தில் அவரை மிகவும் பிடித்துப் போனது. ஆனால் அடுத்ததாக அவர் சொன்னது இது: "சரி, அப்படியானால் குழுவை மறுபடி அனுப்புவோம். இந்த முறை சொல்லாமல் போகட்டும்."

பிள்ளைகளே, இந்தக் கதையில் நான் தடுமாறிய ஒரே இடம் இதுதான். கூடத்தைக் காப்பாற்ற அது ஒன்றே போதும். தலையாட்டினால் வேலை முடிந்தது.

"ரெஜினாவின் முகத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்."

"அவளுக்கு நான் இருக்கிறேன். ஒரு மாதம் என்னோடு கோபம் போடுவாள், திட்டுவாள். அங்கே அந்தத் தாய்மார் யாரைத் திட்டுவார்கள்? பிள்ளையின் வெறும் தட்டை அந்நியன் வந்து பார்த்துவிட்டான் என்று வீட்டுக்குள் இருந்து அழுவார்கள். அப்படி எடுத்த எண் எனக்கு வேண்டாம்."

ரயில் நின்றது, புறப்பட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார். "முதல் முறை போனபோது நண்டு. இரண்டாம் முறை இறால் தேடினாள். நான் இன்னும் பல முறை போனால் என்ன தருவாள்?"

"தருவதா? உங்களிடம் தேங்காயைத் தந்து துருவச் சொல்வாள்."

சொல்லிவிட்டு நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தேங்காய் துருவச் சொன்ன பிறகுதான் எடை போட வேண்டும்! பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நின்று, எடை போடும் குழு கிராமத்திலேயே தங்கட்டும் என்ற புதிய பரிந்துரையை அவருடைய மத்பாக்கேத் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழுவின் தலைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல முடிவு வந்திருக்கிறது, அதை நம்ப வேண்டாம் என்கிறீர்கள், சரிதானே என்று கேட்டார். ட்ருல்ஸ் எழுந்து நின்று நண்டுக் கதையைச் சொன்னார். சொதி ஆவியையும் விடவில்லை. எடை போடும் குழு எவ்வளவு காலம் அந்தக் கிராமத்தில் தங்க வேண்டும் என்று தலைவி கேட்டார்.

"கோழி முடியும்வரை" என்றார் ட்ருல்ஸ்.

என் கை மேசைக்குக் கீழே செபமாலையைத் தேடியது. பிறகு தலைவியின் வாயோரம் அசைந்தது. அவர் மேற்குக் கடற்கரைக்காரி, அங்கேயும் விருந்தாளிக்கு ஒரு மேசை, வீட்டாருக்கு ஒரு மேசை இருந்திருக்கும் போல. மறுபடி எடை போடும்வரை கூடம் திறந்திருக்கட்டும் என்றார்.

மழை தொடங்கியதும் குழு போய்க் கிராமத்து வீடுகளிலேயே தங்கியது. முதலில் கோழி வந்ததாம். பிறகு முட்டை. பிறகு கருவாடு, பிறகு அவரை. தராசு பைக்குள்ளேயே கிடந்தது. ஒரு காலையில் மெர்சியின் அழைப்பு வந்தது, நான் ஜன்னலோரம் போகக்கூட நேரம் தரவில்லை.

"ஒருத்தி இன்றைக்குக் குழுத் தலைவரின் முதுகில் தன் பிள்ளையைக் கட்டிவிட்டு, நான் தண்ணீருக்குப் போகிறேன், களியைக் கிண்டிக்கொண்டிரு, அடிப்பிடித்தால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்! இவர்கள் இனி விருந்தாளிகள் இல்லை! இல்லவே இல்லை!"

நான் நடைபாதையில் ஆடினேன். ட்ருல்ஸும் ஆடினார், அந்த உயரத்தோடு. விளக்குக் கூட்டில் தலை இடித்தது. அன்றுதான் அங்கே தராசை வெளியே எடுத்தார்கள்.

எண்கள் வந்தன. நிசிமா என்கிற சோளக்களி, ஒரு கரண்டி பூசணி இலைக் கீரை. சில வீடுகளில் களியும் உப்பும். ஒரே சட்டியிலிருந்து எல்லோரும் எடுக்கும்போது கடைசியாகக் கை நீட்டிய மிகச் சின்னதுக்குக் கீரையும் கிடைக்கவில்லை. கூடத்தில் குடித்த அந்த ஒரு கோப்பைக் கஞ்சிதான் பல பிள்ளைகளுக்கு அன்றைய கடலையும் மீனும். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகளின் தட்டு வெறுமை என்று உறுதியாகப் போகிறது என்பதற்காக ஆடிய கூட்டம் நாங்கள். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடம் மூடப்படவில்லை. நிலக்கடலை மாவைக் கூட்டினோம், கருவாட்டுப் பொடியையும் கூட்டினோம். அந்த மழைக்காலம் முடிந்தபோது மெர்சி ஒரு வீடியோ அனுப்பினாள். கோப்பைகளோடு வரிசையில் நின்ற அத்தனை சின்னதுகளும் என் பெயரைப் பிழையாகக் கத்தின.

ரெஜினா என்னோடு நத்தார்வரை கதைக்கவில்லை. பாலன் பிறப்புப் பூசை முடிந்து கோவில் வாசலில் பிடித்து, மலாவிக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அந்தத் தாய்மாரும் கீரையை ஒளிச்சவையோ?" என்றாள். அதன்பிறகுதான் சிரித்தாள்.

ட்ருல்ஸ் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒருமுறை நண்டு வராமல் கோழி வந்தது, பிறகு பருப்பும் சோறும் வந்தது. ஒரு வசந்தகாலத் திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்குள் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு விரலில் பிளாஸ்டர்.

"தேங்காய்!" என்றார். "நேற்று என்னைத் துருவச் சொன்னாள்! வந்தவுடன், வணக்கம்கூடச் சொல்லவில்லை!" பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட அவர் அப்படிப் பூரித்து நான் பார்க்கவில்லை.

நீங்கள் அடுத்த மாதம் களத்துக்குப் புறப்படுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போய் இறங்கிய அன்று உங்களுக்குக் கோழி வரும். வேண்டாம் என்று சொல்லி அந்தத் தாயின் மனதை நோகடிக்காதீர்கள், விரலைச் சூப்பிச் சாப்பிடுங்கள், ருசி என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லுங்கள். தராசு பைக்குள் இருக்கட்டும். ஒரு நாள் அவள் உங்களைக் கூப்பிட்டு, கையில் ஒரு வாளியைத் தந்து, தண்ணீர் அள்ளிக்கொண்டு வா என்பாள். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, அன்றைக்குத் தராசை எடுங்கள்.